எதிர்ப்பு சக்தி தூண்டப்பட்டால் நல்லதுதானே டாக்டர்?

கேள்வி: வயது 41, பெரம்பூர். எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை (மூன்று மருந்து சேர்ந்த டி.எல்.டி.) போடுகிறேன். வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. இப்போது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றும் இருக்கிறதாம். இதனால் எதிர்ப்பு சக்தி ஓயாமல் தூண்டப்படும் என்கிறார்கள். நல்லதுதானே? கஷாயமும் குடிக்கலாமா?

பதில்: இல்லைங்க, நல்லதில்லை. எச்.ஐ.வி. நன்றாகப் பெருகுவதே தூண்டப்பட்ட சி.டி.4 செல்களுக்குள்தான் (எதிர்ப்பு சக்தியை வழிநடத்தும் ஒருவகை வெள்ளையணுக்கள்), சும்மா இருக்கும் செல்லில் அதற்கு அவ்வளவாக வேலை நடக்காது. அதனால்தான் மாத்திரை போடாதவருக்கு இன்னொரு தொற்று வந்தால் வைரல் லோடு எகிறும். உங்களுக்கு எச்.ஐ.வி. அடங்கியிருந்தாலும் இந்தத் தூண்டலால் லேசான அழற்சி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், அது வருடக்கணக்கில் நீடித்தால் ரத்தக்குழாயையும் கல்லீரலையும் பதம் பார்க்கும், மாரடைப்பு ஆபத்து கூடுவதற்கும் அது ஒரு காரணம்.

ஹெபடைடிஸ் பி மட்டுமில்லை, சைட்டோமெகலோ என்றொரு வைரஸ் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் உடம்பில் சின்ன வயதிலிருந்தே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் சி.டி.8 வெள்ளையணுக்களில் கணிசமான பங்கு அதைக் காவல் காப்பதிலேயே போய்விடுகிறது. மாத்திரையால் சி.டி.4 எண்ணிக்கை ஏறிய பிறகும் சி.டி.4, சி.டி.8 விகிதம் சிலருக்குச் சரியாகாமல் இழுப்பதற்கு இதுவும் காரணம். அதை அடக்கும் வால்கான்சிக்ளோவிர் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் (2011) சி.டி.8 தூண்டல் குறைந்தது, ஆனால் ரத்த அணுக்களையும் குறைக்கக்கூடிய மருந்து என்பதால் அழற்சிக்காக மட்டும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. இந்த வைரஸுக்கென்று தனியாக டெஸ்ட் எடுத்துக் காசை விரயம் செய்ய வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. டி.எல்.டி.யில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கும். ஆனால் திடீரென்று நிறுத்தினால் அது வெடித்துக் கிளம்பி, கல்லீரல் செயலிழப்பு வரைகூடப் போகலாம். எக்காரணத்துக்கும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வேறு மாத்திரைக்கு மாற்றுவதாகச் சொன்னால் ஹெபடைடிஸ் பி இருப்பதை முதலில் ஞாபகப்படுத்துங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் டாக்டர் சொல்கிறபடி எடுங்கள். குடி, சிகரெட் இரண்டும் வேண்டாம். கஷாயம், 'இம்யூனிட்டி பூஸ்டர்' பொடி எதுவும் இந்தத் தூண்டலைக் குறைக்காது, சிலது கல்லீரலைக் கெடுக்கும்.

அப்புறம், மழைக்காலத்தில் டெங்கு மாதிரி காய்ச்சல் வந்தால் அதோடு போய் வைரல் லோடு எடுக்காதீர்கள். கொஞ்சம் ஏறிக் காட்டினால் வீணாகப் பயப்படுவீர்கள். சில வாரம் கழித்து எடுக்கலாம்.

திருமணமாகியிருந்தால் மனைவிக்கு ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுங்கள். தொற்றும் எதிர்ப்பும் இரண்டும் இல்லையென்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி போட வேண்டும், அது முடியும்வரை மட்டுமாவது ஆணுறை கட்டாயம்.