காணியை ஈடு வைக்க வேண்டாம், அம்மா

போன கிழமை கோண்டாவிலிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். மகள் உளவியலில் பட்டம் முடித்தவர். "ஒரு வருசம் இங்க மாஸ்டர்ஸ் செய்தால் பிள்ளை சைக்கோலஜிஸ்ட்" என்று லண்டனில் இருக்கும் மாமா சொல்லியிருக்கிறார். சொந்தமெல்லாம் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. அம்மாவின் பையில் காணி உறுதி இருந்தது.

"எல்லாம் சரிவரும் அம்மா" என்று தேற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மாமாவின் கணக்கு பிழை. பிரித்தானியாவில் நோயாளிகளைப் பார்க்கும் 'மருத்துவ உளவியலாளர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே படிப்பவர் மூன்று வருடக் கலாநிதிப் பயிற்சி முடித்து, அங்குள்ள தொழில் சபையில் பதிந்தால்தான் அந்தப் பெயரில் வேலை செய்யலாம். ஒரு வருட மாஸ்டர்ஸ் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க உதவலாம், அவ்வளவுதான். விண்ணப்பித்தாலும் அங்கே முக்கியமாகப் பார்ப்பது ஆட்களோடு வேலை செய்த அனுபவத்தை. வெளிநாட்டுப் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் மட்டுமே பதினைந்தாயிரம் பவுணைத் தொடும், பல இடங்களில் தாண்டும். நம் காசில் ஏறக்குறைய அறுபது இலட்சம். இருக்கிற ஒரே காணியை அதற்காக ஈடு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அனுபவத்தை இங்கேயே பெறலாம். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. சாந்திகம் போன்ற அமைப்புகள் போர்க்காலத்திலிருந்தே உளவளத்துணை செய்கின்றன. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை நடக்கிறது. இப்படி ஓரிடத்தில், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் பிள்ளை ஒரு வருடம் சமூக உளநல வேலை பழகட்டும்.

அந்த வருடம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதல் மாதங்களில் தனியாக யாரையும் பார்க்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. மூத்த உத்தியோகத்தரோடு வீட்டுத் தரிசிப்புக்குப் போவார். மனநோய்க்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியைத் தவறவிட்ட ஒருவர் ஏன் கிளினிக்குக்கு வரவில்லை என்று பார்க்கவேண்டும். பஸ்ஸுக்குக் காசில்லையா, மருந்து உடம்பை இறுக்குகிறதா, கூட்டி வர ஆளில்லையா? எங்கள் சனம் "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து சொல்லாது. "பெருமூச்சாய் வருது", "நெஞ்சு அடைக்குது", "ஒரே யோசனை" என்றுதான் சொல்லும். அதைக் கேட்டுப் பழகாத காதுக்கு எந்த நாட்டுச் சான்றிதழும் உதவாது.

அப்புறம் பிள்ளை ஒரு தாயைச் சந்திப்பார். 2009 இல் காணாமற்போன மகனுக்காக இன்னும் காத்திருப்பவர். கீரிமலையில் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்தால் மகன் செத்துவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால் துக்கம் கழியாது. இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்று பாடத்தில் படித்திருப்பார், அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் போலின் பொஸ் வைத்த பெயர். ஆனால் அந்தத் தாயின் முன்னால் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படி என்று பக்கத்தில் இருந்துதான் பழகவேண்டும். தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இங்கேயே மனநல மருத்துவராக வேலை செய்து, தனியாட்களோடு குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுவதைக் 'கூட்டு மனவடு' என்று எழுதினார். உலகம் படிக்கும் அந்த எழுத்து எங்கள் ஒழுங்கைகளில் நடந்து எழுதப்பட்டது.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கவும் பழகுவார். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டபின் யாருக்கு அறிவிப்பது, அன்றிரவு வீட்டில் யார் கூட இருப்பது என்பதெல்லாம் அந்த இடத்திலேயே முடிவாக வேண்டும். சின்ன ஊரில் இரகசியம் காப்பதும் ஒரு பாடம்தான். யாருடைய படலையில் யாருடைய சைக்கிள் நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சேருமுன் பிள்ளை கேட்கவேண்டியது முக்கியமாக ஒன்று: கிழமைக்கு ஒரு மணி நேரமாவது மேற்பார்வையாளர் இருந்து கதைப்பாரா? பார்த்த ஆட்களைப் பற்றி மட்டுமல்ல, பிள்ளையின் மனம் எப்படி இருக்கிறது என்றும் அவர் கேட்கவேண்டும். அது இல்லாத இடம், சம்பளம் தந்தாலும் வேண்டாம். இளம் பிள்ளையிடம் ஊரின் துயரத்தைக் கொட்டிவிட்டு, தாங்க ஆளில்லாமல் விடுவது கொடுமை. ஆறு மாத டிப்ளோமா தந்து "நீங்கள் இனி உளவளத்துணையாளர்" என்பவர்களிடமும் காசைக் கொடுக்காதீர்கள்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் எம்.பில். பட்டப்படிப்பு இருக்கிறது. லண்டனும் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து அவற்றை யோசிக்கலாம். இது தனக்கு ஒத்துவராது என்று பிள்ளை கண்டுகொண்டாலும் நட்டம் ஒரு வருடம்தான், காணி மிஞ்சும்.

அம்மா தண்ணீர் குடிக்க வெளியே போனபோது மகளிடம் கேட்டேன், உங்களுக்கு என்ன விருப்பம் என்று. "எனக்கு இங்கத்தைச் சனத்தோட இருந்து வேலை பழகத்தான் விருப்பம். வீட்டில ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். அம்மா, இதை நான் எழுதுவது மகளின் சம்மதத்தோடுதான். இன்று இரவே அவரிடம் கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

மாமாவுக்கு உண்மையாகவே உதவ விருப்பமென்றால், பிள்ளையின் ஒரு வருட பஸ் காசையும் மதியச் சாப்பாட்டுச் செலவையும் அனுப்பச் சொல்லுங்கள். இப்படியான பயிற்சி இடங்களில் பெரும்பாலும் சம்பளம் இல்லை. பிள்ளைகள் பாதியில் விட்டுப் போவது அதனால்தான்.