இந்தோனேசியப் பிள்ளைகளோடு பாசி பற்றிப் பேசினால் வேலை கிடைக்குமா?

அண்ணே, இந்தோனேசிய மாணவர்களோடு குழு சேர்ந்து இணையம் வழியாகக் கடல் பாசி பற்றிப் படித்து ஒரு கையேடு எழுதும் இலவசப் பாடத்தில் உங்கள் மகள் இருக்கிறாள், இதனால் வேலை கிடைக்குமா, இல்லை பி.எட். படிக்க வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். இதனால் மட்டும் வேலை கிடைக்காது. டிஎன்பிஎஸ்சியில் இதற்கென்று தனி மார்க் எல்லாம் இல்லை. அதற்காகப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள்.

காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்களே என்று சந்தேகப்படுகிறீர்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடுவதாக 2001-லேயே அறிவித்தது. நம் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல், 2017-இல் வந்த சுவயம் ஆகிய இணையப் பாடத் தளங்கள் இரண்டும் அரசுப் பணத்தில் ஓடுபவை. பாடம் படிக்கக் காசில்லை, சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை சுவயத்தில் எடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-இல் வழி செய்திருக்கிறது, ஆனால் கல்லூரி ஒத்துக்கொண்டால்தான் அது பட்டப்படிப்புக் கணக்கில் கிரெடிட்டாக ஏறும், அதனால் சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள். முடித்துவிட்டு அலைந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இப்போது இந்தோனேசிய விஷயம். இரண்டு நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே பாடத்தை நடத்தி, பிள்ளைகளைக் கலந்து குழு போட்டு வேலை கொடுப்பது புதிதல்ல, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கியது. பாசி பற்றிப் படிக்க உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது நல்ல கூட்டாளி நாடு என்பேன். ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்களே கப்பாபைகஸ் என்ற பாசி, அது நம் கடலில் பிறந்ததே இல்லை, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. அங்கே அது பிழைப்பு. இங்கேயும் பிழைப்புதான், ஆனால் மண்டபத்தை ஒட்டிய குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்து தலைவலியும் ஆனது. இதை இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினால்தான் முழுசாகப் புரியும். இங்கிலீஷ் வராதே என்று அவள் பயப்படுகிறாளாம். அந்தப் பிள்ளைகளுக்கும் அது தாய்மொழி கிடையாது, சொல்லுங்கள். ராத்திரி முழிக்க வேண்டியதும் இல்லை: ஜாவாவில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முன்னால், சாயங்காலம் 4 மணிக்குப் பேசினால் அங்கே 5:30.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். குழு சேர்ந்து எழுதும் கையேட்டைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த அனுமதி தரும் உரிமத்தில் வெளியிடுவார்கள். சிசி பை என்று போட்டால், பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கக்கூடச் செய்யலாம். அது பிடிக்கவில்லையென்றால் வணிகத்துக்குக் கூடாது என்ற என்சி வகையைக் கேட்கட்டும். ஒரு தடவை வெளியிட்ட பிரதிக்குக் கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்க முடியாது. அவள் அம்மா கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதை மகள் போட்டோ எடுத்திருக்கிறாள் என்றீர்களே, அம்மாவிடமும் கூட இருக்கிற பெண்களிடமும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். பாசி எந்தத் தீவோரம் அடர்த்தியாகக் கிடக்கிறது என்பதை மட்டும் எழுதவே வேண்டாம். பேராசிரியர் கேட்டாலும் சரி. அது அந்தப் பெண்களின் வயிற்றுப்பாடு.

பி.எட். பற்றி இப்போதே முடிவெடுக்காதீர்கள். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. எம்.எஸ்சி.க்கோ புராஜெக்ட் வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தக் கையேட்டின் லிங்க்கையும், அதில் எந்தப் பகுதி தான் எழுதியது என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். இன்டர்வியூவில் அதிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள், அதனால் அந்தப் பகுதியை அவளே எழுதியிருக்க வேண்டும்.