முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் எப்போது நடக்கலாம், வலி எவ்வளவு நாள் இருக்கும்?

பெரும்பாலானோரை அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோக உறை பொருத்தி, இடையே பிளாஸ்டிக் தகடு வைக்கும் இச்சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்மையான உழைப்பு அதன் பிறகுதான். முதல் சில வாரங்கள் வலி கடுமையாகவே இருக்கும். ஆயினும் அந்த நாட்களில் காலை முழுமையாக நீட்டவும் மடக்கவும் பழகாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்பதால், மருத்துவர் தந்த வலி மாத்திரையைத் தவிர்த்துப் பயிற்சியைக் கைவிடுவதைவிட, அதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்வதே நல்லது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். இதமாக இருந்தாலும் கால் மடங்கியபடியே பழகிவிடும். தழும்பின் வெளிப்புறம் மரத்திருப்பதும், சில மாதங்கள் நீடிக்கும் வீக்கமும் இயல்பானவை. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், அல்லது காயத்தில் சீழும் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.