ஹிடன் ஆப்ஜெக்ட், பஸில், டைம் மேனேஜ்மென்ட் கேம்கள்: நாற்பது வயதுக்கு மேல் எதில் தொடங்கலாம்? மூளைக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். விற்கிற தளங்களும் இவற்றை ஒரே அலமாரியில்தான் அடுக்கி வைக்கின்றன. ஆடிப் பார்த்தால் மூன்றும் மூன்று விதம். ஒன்று ஓய்வு, ஒன்று விரும்பி வாங்கிக்கொள்ளும் தலைவலி, மற்றொன்று சம்பளம் இல்லாத இன்னொரு வேலை.

அந்தச் சம்பளம் இல்லாத வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டைம் மேனேஜ்மென்ட் கேம் என்றாலே முதலில் சொல்ல வேண்டிய பெயர் டைனர் டேஷ். நியூயார்க்கில் இருந்த கேம்லேப் என்ற சின்ன நிறுவனம் செய்தது. ஃப்ளோ என்ற பெண் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு ஹோட்டல் நடத்தக் கிளம்புகிறாள். வருகிறவர்களை மேஜையில் உட்கார வைக்க வேண்டும், ஆர்டர் எடுக்க வேண்டும், சீட்டைச் சமையல்காரரிடம் கொடுக்க வேண்டும், தட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், காசு வாங்க வேண்டும், எச்சில் தட்டை எடுக்க வேண்டும். தாமதித்தால் வாடிக்கையாளர் முகம் மாறும், இதயக் குறிகள் ஒவ்வொன்றாகக் குறையும், கடைசியில் எழுந்து போய்விடுவார். அவ்வளவுதான் கேம்.

புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் கூப்பிட்ட மேஜைக்கு உடனே ஓடுவார்கள். அங்கேதான் மதிப்பெண் கோட்டைவிடுவது. ஒரே வேலையை அடுத்தடுத்துச் செய்தால்தான் போனஸ் ஏறும். முதல் மேஜைக்காரர் கையைத் தூக்கினாலும், இரண்டாம் மேஜைக்காரரும் தூக்கும்வரை கொஞ்சம் காக்க வைத்து, இரண்டு ஆர்டரையும் சேர்த்து எடுக்க வேண்டும். பில்லும் அப்படியே, தட்டு எடுப்பதும் அப்படியே. யாரை எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம் என்ற கணக்குப் பிடிபட்டுவிட்டால் கேமே வேறு மாதிரி ஆகிவிடும். சட்டை நிறத்துக்குப் பொருத்தமான நாற்காலியில் உட்கார வைத்தால் கூடுதல் மதிப்பெண் என்பது இன்னொரு அடுக்கு. இவ்வளவையும் லேப்டாப் டச்பேடில் ஆட முயலாதீர்கள், விரல் நோகும். ஒரு மவுஸ் வாங்கிவிடுங்கள்.

நான் வேலை பார்ப்பது ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில். 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காக ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்காருவார்கள், எல்லாருக்கும் அவரவர் வேலைதான் முதலில் முடிய வேண்டும். அந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தும் ஃப்ளோவோடு தட்டுத் தூக்க என்னால் ஆகாது. உங்கள் வேலையும் ஆட்களைச் சமாளிக்கிற வேலை என்றால் இந்த வகையை லீவு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மென்மையாக வேண்டுமென்றால் டெலிஷியஸ் என்ற தொடர் இருக்கிறது. அதில் எமிலி என்பவளின் காதல், கல்யாணம், குழந்தை என்று குடும்பக் கதையும் கூடவே ஓடும். மெகா சீரியல் பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

ஹிடன் ஆப்ஜெக்ட், அதாவது படத்தில் ஒளித்து வைத்த பொருள்களைத் தேடி எடுக்கும் கேம்தான் நான் சொல்லும் ஓய்வு. வாரப் பத்திரிகை வந்ததும் ‘ஆறு வித்தியாசம் கண்டுபிடியுங்கள்’ பக்கத்தை முதலில் புரட்டியவரா நீங்கள்? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், இதில் தொடங்குங்கள். சியாட்டிலைச் சேர்ந்த பிக் ஃபிஷ் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ இந்த வகையைப் பெரிய அளவில் பிரபலப்படுத்தியது. ஒரு படம் முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான்கள், பக்கத்தில் ஒரு பட்டியல், தலைக்கு மேல் கடிகாரம். அடுத்த வருடம் வந்த ‘ரேவன்ஹர்ஸ்ட்’ பேய் பங்களாக் கதை. 2008இல் அதன் தொடர்ச்சி வந்தபோது, தேடி எடுப்பதோடு சாவி சேர்ப்பது, பூட்டைத் திறப்பது, அறை அறையாக நகர்வது எல்லாம் சேர்ந்துகொண்டன. இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் கலப்பு வகைதான். போலந்தின் ஆர்டிஃபெக்ஸ் முண்டி வெளியிடும் எனிக்மேட்டிஸ், கிரிம் லெஜண்ட்ஸ் தொடர்களில் ஓவியம் அருமையாக இருக்கும். பேய், சாபம், காணாமல்போன பெண் என்று கதை மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாவுதான். கதைக்காக ஆடாதீர்கள்.

இதில் எனக்குக் குரு என் மாமியார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. பட்டியலை நான் தமிழில் சொல்வேன், அவர் திரையைப் பார்ப்பார். ஒருமுறை நூலக அறைக் காட்சியில் பல்லி ஒன்று எங்கே என்று நான் அலமாரி அலமாரியாகத் துழாவிக்கொண்டிருந்தேன். “கண்ணு, அந்தப் படத்துச் சட்டத்தைப் பாரு, மூலையில வாலு தெரியுதுல்ல” என்றார். சட்டத்தின் பொன்னிற வேலைப்பாட்டோடு பல்லியும் ஒரு பூங்கொடியாகப் படுத்திருந்தது. ஆயுசு முழுக்க அரிசியில் கல் பொறுக்கிய கண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

ஓவியர்கள் ஒளிக்கிற வழிகள் சிலதான். பளிங்குத் தூணில் வெள்ளைப் புறா என்பதுபோல நிறத்தில் நிறத்தைப் புதைப்பார்கள். யானையைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குவார்கள், சீப்பை ஜன்னல் உயரத்துக்குப் பெரிதாக்குவார்கள். பாம்பைத் திரைச்சீலைக் கயிறாகத் தொங்கவிடுவார்கள். அதனால் பொருளை நினைத்துக்கொண்டு தேடாதீர்கள், அதன் விளிம்பை நினைத்துத் தேடுங்கள். கத்தரிக்கோல் என்றால் இரண்டு வளையம், அவ்வளவுதான். தரையில் எல்லாரும் தேடுவார்கள், கூரையை யாரும் பார்ப்பதில்லை. கண்ட இடத்தில் தட்டிக்கொண்டே போனால் பல கேம்களில் நேரம் குறையும், அல்லது கர்சர் கொஞ்ச நேரம் கைக்கு வராது. அதைவிட ஹிண்ட் பட்டனை அழுத்துவது மேல். அதில் ஒரு வெட்கமும் இல்லை. அப்புறம், செல்போனில் ஆட வேண்டாம். அந்தத் திரையில் ஊசி தேடினால் தலைவலி நிச்சயம்.

பஸில் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே ஆடியிருப்பீர்கள். விண்டோஸோடு வந்த ஃப்ரீசெல் சீட்டாட்டத்தை ஆபீஸில் மேனேஜருக்குத் தெரியாமல் ஆடாதவர் யார்? அதன் பழைய பதிப்பில் இருந்த 32,000 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை மட்டும், 11982ஆம் எண்ணை, யாராலும் முடிக்க முடியவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு. தோற்றால் சீட்டைக் குறை சொல்லவே முடியாது, அதனால்தான் அது விடாமல் பிடித்து இழுக்கிறது. பிஜுவல்டு மாதிரி மூன்று கல் சேர்க்கும் கேம்கள் எனக்கு அலுத்துவிட்டன. ஹிடன் ஆப்ஜெக்ட் கேம்களுக்கு நடுவில் கட்டம் நகர்த்தும் புதிர் ஒன்று கட்டாயம் வரும். எனக்கு அது ஜென்மப் பகை, வந்ததுமே ஸ்கிப்.

மூளைக்கு நல்லதா என்ற கேள்விக்கு என் பதில்: அப்படிச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். மூளைப் பயிற்சி கேம் விற்ற லுமோசிட்டி, ஞாபக மறதி, வயதான காலத்து மூளைத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் தீர்வு என்கிற தோரணையில் விளம்பரம் செய்தது. தகுந்த ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் வழக்குப் போட, 2016இல் 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். தினமும் ஆடினால் அந்தக் கேமில் கை தேறும், அது உறுதி. சாவியை எங்கே வைத்தேன் என்று நான் இன்றைக்கும் வீடு முழுக்கத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேரம் வீணாகுமா, அடிமையாகிவிடுவோமா என்பதுதான் இந்த வயதில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு என் ஒரே விதி: முடிவு உள்ள கேமை மட்டும் ஆடுங்கள், அதைக் காசு கொடுத்தே வாங்குங்கள். அந்தக் காலத்தில் இந்த கேம்கள் ஒரு மணி நேரம் இலவசம், பிடித்தால் பணம் கட்டலாம் என்று வந்தன. டாலரில் கட்ட நம்மில் பலரிடம் கார்டு ஏது, சரியாகக் கதை சூடுபிடிக்கும் இடத்தில் அறுபதாவது நிமிடம் நின்றுவிடும். ஆனால் வாங்கியவருக்கு அந்தக் கதை சில மணி நேரத்தில் முடியும், மூடி வைத்துவிட்டு எழுந்துவிடலாம். இன்றைய இலவச கேம் நேர் எதிர். பெர்லினின் வூகா நிறுவனம் 2017இல் கொண்டுவந்த ஜூன்ஸ் ஜர்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களின் உடை, மாளிகை, கார் என்று படங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் எனர்ஜி செலவாகும். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பணம். நட்சத்திரம் சேர்க்க அதே அறையை மறுபடி மறுபடி தேட வேண்டும். காத்திருக்க வைப்பதே அங்கே வியாபாரம், முடித்துவைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

இப்போது கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ரூபாயிலேயே விலை போட்டிருக்கிறார்கள், யுபிஐயிலும் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய ஆபீஸ் லேப்டாப்பிலும் இவை ஓடும்.

எதில் தொடங்க என்றால், நான் ஹிடன் ஃபோக்ஸ் என்பேன். 2017இல் வந்தது. கடிகாரம் கிடையாது, பேய் கிடையாது. கையால் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தில் நூற்றுக்கணக்கான குட்டி மனிதர்கள். கூடாரத்தைத் தொட்டால் திறக்கும், புதரை வெட்டலாம், கதவைத் தட்டலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம், அத்தனையும் மனிதர்கள் வாயாலேயே போட்ட சத்தம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஹெட்போன் போடாமல் ஆடுங்கள். என்ன, மவுஸ் உங்கள் கைக்குத் திரும்பி வருவதுதான் கொஞ்சம் கஷ்டம்.