நீக்கல் வார்ப்புரு இடுவதற்கு முன்

கேள்வி: சில மாதங்களாக விக்கிப்பீடியாவில் தொகுத்து வருகிறேன். இரண்டே வரியில் நிற்பவை, சான்றே இல்லாதவை, விளம்பரம் போலத் தெரிபவை என்று பல கட்டுரைகள் கண்ணில் படுகின்றன. எவற்றில் நீக்கல் வார்ப்புரு (நீக்கக் கோரும் அறிவிப்புப் பட்டை) இட்டு நீக்கப் பரிந்துரைக்கலாம்?

பதில்: முதலில், மோசமாக இருப்பது கட்டுரையா தலைப்பா என்று பாருங்கள். கட்டுரை மோசமென்றால் திருத்தினால் போதும். தலைப்பே தேறாது என்றால்தான் நீக்கல் பேச்சு. அதற்கான அளவுகோலைக் குறிப்பிடத்தக்கமை என்கிறோம்: அந்த ஆளோடோ நிறுவனத்தோடோ தொடர்பில்லாத, நம்பத்தக்க வெளியீடுகள் அதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயராக வந்ததும், அவர்களே அனுப்பிய செய்திக்குறிப்பும் கணக்கில் சேராது.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். கட்டுரையில் சான்று இல்லையென்றால் எங்குமே சான்று இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்ட் பற்றிய கட்டுரை வரைவை, போதிய சான்று காட்டவில்லை என்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்க மறுத்தார்கள். அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு! அவர் 2013-லேயே ஒளியியல் அறிஞர்களின் அமைப்பான ஆப்டிகல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர். ஆகவே நீங்களே தேடுங்கள். பெயரை வேறு எழுத்துக்கூட்டல்களிலும், தெரிந்தால் வேறு மொழியிலும். இணையத்துக்கு முந்தைய தலைப்பென்றால் அச்சுநூல்களில்தான் கிடைக்கும்.

கட்டுரையின் பழைய பதிப்புகள் இருக்கும் 'வரலாறு' பக்கத்தையும் திறந்து பாருங்கள். நல்ல கட்டுரையை யாரோ சிதைத்து விளம்பரமாக்கியிருக்கலாம். பழைய பதிப்புக்கு மீட்டால் வேலை முடிந்தது.

காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. பதிப்புரிமை மீறிய நகல், வெறும் விளம்பரம், விசைப்பலகையைத் தட்டிப் பார்த்த பக்கம், உயிரோடிருப்பவரைச் சான்றின்றி இழிவுபடுத்துவது மட்டுமே நோக்கமான பக்கம் ஆகியவை உரையாடலின்றி உடனே நீக்கும் விரைவு நீக்கலுக்கு உரியவை. நகல் என்று சொல்லுமுன் தேதியை ஒப்பிடுங்கள். மூலம் என்று நீங்கள் நினைக்கும் இணையதளமே விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்திருக்கலாம், எனக்கே அப்படி நேர்ந்திருக்கிறது.

இரண்டு வரிக் கட்டுரைகளில் பலவற்றுக்கு ஒன்றிணைத்தல்தான் சரியான மருந்து. உள்ளடக்கத்தைப் பெரிய கட்டுரைக்கு நகர்த்திவிட்டுப் பழைய தலைப்பை வழிமாற்றாக (தேடி வருபவரைப் பெரிய கட்டுரைக்கு அனுப்பும் பக்கமாக) விடுங்கள். நகர்த்தியபின் பழைய பக்கத்தை நீக்கச் சொல்லாதீர்கள். எழுதியவர்களின் பெயர் அதன் வரலாற்றில்தான் இருக்கிறது. நீக்கினால், விக்கிப்பீடியாவின் உரிமம் கேட்கும் அந்தப் பெயர்க்குறிப்பு அழிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் தேறாவிட்டால், நீக்கலாமா என்று மற்ற தொகுப்பாளர்கள் பேசும் உரையாடலுக்குக் கொண்டுபோங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அது வழக்கமாக 7 நாள் நடக்கும். மற்ற மொழிகளில் கால அளவு மாறலாம். அங்கே தலையை எண்ணி முடிவெடுப்பதில்லை, வாதத்தைத்தான் எடைபோடுவார்கள். 'குறிப்பிடத்தக்கமை இல்லை' என்று ஒற்றை வரி போடாமல், எங்கெல்லாம் தேடினீர்கள், என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். 'இதைவிட மோசமான கட்டுரை இருக்கிறதே' என்று யாராவது வருவார்கள். அது அந்தக் கட்டுரையின் பாடு.

கட்டுரையைத் தொடங்கியவரின் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு இடுங்கள். சான்று அவர் அலமாரியிலேயே இருக்கலாம். நீக்கப்பட்டாலும் நிர்வாகிகளால் மீட்க முடியும் என்பதையும் சொல்லுங்கள். பதிப்புரிமைச் சிக்கல் இல்லையென்றால், கேட்டு வாங்கி வரைவாக வைத்து வளர்க்கலாம்.