ஒரே பெயரில் இரண்டு பேர்: ஊர் வரலாறு தொகுக்கும்போது பிரித்தறிவது எப்படி?

கேள்வி: மூதூரில் எங்கள் பாடசாலை மலருக்கு ஊர் வரலாறு தொகுக்கிறோம். றொபேட் நொக்ஸ் 1661இல் இறந்தார் என்று ஒரு குறிப்பு, 1679இல் தப்பினார் என்று இன்னொரு குறிப்பு. கயவாகு மன்னன் ஓரிடத்தில் 2ஆம் நூற்றாண்டு, வேறோரிடத்தில் 12ஆம் நூற்றாண்டு. எதைப் போடுவது?

பதில்: உங்கள் குறிப்புகளில் பிழை இல்லை. அவற்றை ஒரே ஆளின் தலையில் கட்டியதுதான் பிழை.

முதலில் நொக்ஸ். தகப்பன், மகன் இருவருக்குமே றொபேட் நொக்ஸ் என்றுதான் பெயர். 'ஆன்' என்ற கப்பலின் தலைவர் தகப்பன். 1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில் அடித்த புயலில் பாய்மரத்தை இழந்த கப்பல், புதுமரம் பொருத்துவதற்காக உங்கள் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் இருவரையும் பிடித்துக்கொண்டுபோனார்கள். தகப்பன் அடுத்த பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்துவிட்டார். மகன் (1641–1720) 19 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்து, 1679 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1681இல் லண்டனில் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டவரும் இவரே.

மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' இருந்த இடத்தில் 1893இல் நட்ட கல்லை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கப்பல் தலைவன் நொக்ஸ் இங்கே பிடிபட்டான் என்கிறது. அதே மூச்சில் நொக்ஸ் 19 ஆண்டு சிறையிருந்தான் என்கிறது. முதல் வரி தகப்பனுக்குப் பொருந்தும், இரண்டாவது மகனுக்கு. கல்லில் வெட்டியதாலேயே ஒரு தகவல் சரியாகிவிடாது. மலரில் அந்தப் படத்தைப் போட்டால், கல்லின் வாசகத்தை அப்படியே தந்துவிட்டு, யார் தகப்பன், யார் மகன் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

'கப்பல் தலைவர் நொக்ஸ்' என்று எழுதினால் பிரிந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். மகனும் பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலுக்குத் தலைவரானார். பதவி பல வேளைகளில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற சொத்து. அதை மட்டும் வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. இன்னொரு பொறி: தகப்பன் இறந்த திகதியை மகனின் நூல் 1660 பெப்ரவரி என்று தருகிறது. பிடிபட்டது 1660 ஏப்ரலில் என்றால், பிடிபடமுன்பே இறந்தாரா? இல்லை. அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கும். 1751 வரை அந்த வழக்கம் இருந்தது. ஆகவே அவர்களுடைய 1660 பெப்ரவரி, நம் கணக்கில் 1661 பெப்ரவரி. இணையத்தில் தேடும்போது எடின்பரோவின் உடற்கூற்று மருத்துவர் றொபேட் நொக்ஸும் (1791–1862) வந்து குறுக்கே நிற்பார். படம் எடுக்கும்போது கவனம். அவர் முகம் மூதூர் மலரில் ஏறிவிடக்கூடாது.

இனி வேலை முறை. ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதத் தொடங்குவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். அப்படிச் செய்தால் பெயர் ஒத்ததெல்லாம் அந்தப் பக்கத்தில் போய் விழும். பிறகு எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதற்குப் பதிலாக ஒரு குறிப்புக்கு ஓர் அட்டை வையுங்கள். நூலில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே பெயர், நூலில் உள்ளபடியே ஆண்டு, தகப்பன் பெயர், பதவி, இடம், கூட வருகிற மற்றவர்கள், பக்க எண். சக ஆண்டை (கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் வரும் பழைய ஆண்டுக் கணக்கு) அட்டையில் மாற்றி எழுதாதீர்கள். மூலத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் கணக்குப் போடுங்கள். கி.பி. ஆண்டு கிடைக்க, சித்திரையிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரை 78 கூட்டவேண்டும், அதன்பின் பங்குனி வரை 79. ஓர் ஆண்டு முன்பின் வருவது சகஜம், அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

அட்டைகளை ஆண்டு வரிசையில் அடுக்கியபின் சேர்க்கத் தொடங்குங்கள். பெயர் ஒத்திருப்பதைச் சான்றாகவே எண்ணாதீர்கள். தகப்பன், இடம், கூட வருபவர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துவந்தால் சேர்க்கலாம். ஒன்றுதான் ஒத்தால் 'இருக்கலாம்' என்று பென்சிலில் குறித்து வையுங்கள். முதல் அட்டைக்கும் கடைசி அட்டைக்கும் இடையே 70 ஆண்டுக்கு மேல் போனால் இரண்டு பேர் என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கயவாகு விஷயத்தில் இது எப்படி வேலை செய்கிறது? சிலப்பதிகாரத்தின் 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு' சேரன் செங்குட்டுவனோடு வருகிறான். அவனை 2ஆம் நூற்றாண்டின் முதலாம் கஜபாகு என்று கொள்வதே பெருவழக்கு. கோணேசர் கல்வெட்டிலும் ஒரு கயவாகு வருகிறான். (பெயரில் கல்வெட்டு என்று இருந்தாலும் அது ஏட்டில் வந்த நூல், பிள்ளைகள் கல்லைத் தேடி அலையவேண்டாம்.) இங்கே கூட வருகிற இடம் திருகோணமலை. இரண்டாம் கஜபாகு (1131–1153) திருகோணமலைப் பக்கத்துக் கந்தளாயில் இருந்ததையும் அங்கேயே இறந்ததையும் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. ஆகவே கோணேசர் கல்வெட்டின் கயவாகு இவனாக 'இருக்கலாம்' என்று குறிப்பதற்கு இடம் துணை நிற்கிறது. பத்து நூற்றாண்டு இடைவெளியுள்ள இருவரை ஒரே பத்தியில் போட்ட மலர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை.

'முதலாம்', 'இரண்டாம்' என்ற எண்கள் பிற்கால ஆய்வாளர் இட்டவை. ஏட்டிலோ கல்லிலோ இருக்காது. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் ஆட்சியாண்டையும் எழுதுங்கள். யாழ்ப்பாண அரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டப்பெயர்களை மாறிமாறிச் சூடினார்கள். திருகோணமலைக் கோயில் பற்றிய தட்சிண கைலாச புராணத்தில் செகராசசேகரன் என்று கண்டதும் ஓர் ஆண்டைப் பக்கத்தில் எழுதிவிடவேண்டாம். அந்தப் பட்டப்பெயரில் பலர் ஆண்டிருக்கிறார்கள். சங்கிலி என்ற யாழ்ப்பாண அரசன் பெயர் வந்தால், மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்களைக் கொன்ற படுகொலை (1544) முதலாம் சங்கிலியின் காலத்தது. 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு கோவாவில் மரணதண்டனை பெற்றவன் வேறு. மறுபக்கமும் உண்டு: 1450இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப்பெருமாளும், பிறகு கோட்டேயில் ஆண்ட ஆறாம் புவனேகபாகுவும் ஒரே ஆள்.

அரசர்களைவிடச் சிக்கல் ஊர்ப் பெரியவர்களிடம்தான். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் குடும்பத்தில் பெயரின் முன்னெழுத்தும் சேர்ந்து திரும்பிவரும். கணபதிப்பிள்ளையின் மகன் க. வேலுப்பிள்ளை, அவர் மகன் வே. கணபதிப்பிள்ளை, அவர் மகன் மறுபடியும் க. வேலுப்பிள்ளை. கோயில் தர்மகர்த்தாவும் அறுபது ஆண்டு கழித்து வந்த பாடசாலை முகாமையாளரும் காகிதத்தில் ஒருவராகவே தெரிவார்கள். இங்கே தகப்பன் பெயர் உதவாது. மனைவியின் பெயரைத் தேடுங்கள். பழைய காணி உறுதிகளில் சீதனம் பேசுகிற இடத்தில் அகப்படும். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் அட்டையில் ஏற்றுங்கள். ஒப்பம் இருந்தால் இரண்டு உறுதிகளின் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன்பின்னும் பிரியவில்லையென்றால் 'க. வேலுப்பிள்ளை (1890களில் தர்மகர்த்தா)' என்பதுபோலப் பெயரோடு காலத்தையும் பணியையும் சேர்த்து, இரண்டு பதிவாகவே அச்சிடுங்கள். தனித்தனியாகப் போட்டதை அடுத்த பதிப்பில் ஒன்றாக்குவது ஒரு மணிநேர வேலை.