ஐஎஸ்ஓ எண்ணும் சிவப்பு பல்பும்

கேள்வி: என் போன் கேமராவில் ‘ஐஎஸ்ஓ’ என்று 100, 400, 3200 எனப் பல எண்கள் இருக்கின்றன. கேட்டால் ‘சென்சிட்டிவிட்டி’ என்கிறார்கள். எளிமையாகச் சொல்லுங்களேன். – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தமிழில் உணர்திறன். எவ்வளவு கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே படம் விழுமோ, அதைச் சொல்லும் எண் இது. எண் இரட்டித்தால் பாதி வெளிச்சம் போதும்.

ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் எனக்கு இது அலமாரியில் இருந்த பொருள். 100 ஃபிலிம் ஒரு தட்டு, 400 ஒரு தட்டு. (அன்றைக்கு ஏஎஸ்ஏ என்போம்.) ஃபிலிமில் வெளிச்சத்தைப் பிடிப்பவை வெள்ளி உப்பின் படிகங்கள்; 400-இல் அவை பெரியவை. வாய் அகன்ற அண்டாவில் மழைத்தண்ணீர் சீக்கிரம் சேருமல்லவா, அதுபோல. ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் முகத்தில் ரவை தூவிய மாதிரி தெரியும்.

ஒருமுறை கோயிலில் விடிகாலை முகூர்த்தம். ஃபிளாஷ் கூடாது என்றுவிட்டார்கள். பையில் இருந்ததோ 100 ரோல் மட்டும். கால் நொடி ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தேன். தூண்கள் கத்தி மாதிரி வந்தன. பெண்ணும் மாப்பிள்ளையும் புகையாக. பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “தூணுக்கா தம்பி கல்யாணம்?” என்றார். 400 இருந்திருந்தால் 1/15 நொடி போதும், ஓரளவாவது தேறியிருக்கும்.

சரி, உங்கள் போனுக்கு வருவோம். அதில் படிகமெல்லாம் மாறுவதில்லை. எண்ணை ஏற்றினால் சென்சாரில் விழுந்த அதே வெளிச்சத்தின் சிக்னலைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மைக்செட்காரர் சத்தத்தை ஏற்றினால் பாட்டோடு ‘உஸ்’ஸும் ஏறுமே, இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகள் அந்த ‘உஸ்’தான்.

இன்னொன்று, எதை உணர்கிறது என்பதும் முக்கியம். கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் பேப்பருக்கு நீலமும் பச்சையும்தான் உறைக்கும், சிவப்பு உறைக்காது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு பல்பு எரிந்தது. அதே பல்பின் கீழ் ஃபிலிம் ரோலைப் பிரித்தால் போச்சு! பெரும்பாலான ஃபிலிமுக்கு எல்லா நிறமும் உறைக்கும். கும்மிருட்டில் தடவித் தடவித்தான் கழுவுவோம்.

நீங்கள் இரவில் கோபுரத்தை எடுக்கும்போது போனை ஒரு மதில்மேல் அசையாமல் வைத்து 100-இலேயே எடுங்கள். ஓடுகிற பேரப்பிள்ளை என்றால் தயங்காமல் 1600.